வெயிலில் வைத்த பொன்குட்டி

மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, நாளைக் காலையில் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று மாமியாரின் தங்கை சின்னத்தை போனில் சொன்னபோது மருமகள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "ரொம்ப நல்லது சின்னத்தை" என்று வாய் என்னவோ சொன்னது. போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்தால் மட்டும் மாறிவிடப் போகிறதா?

ஜன்னல் விளிம்பில் ஒரு குதிரைக்குட்டி நின்றது. உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைக் குட்டி. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதை அங்கே வைத்தபோது உடம்பெல்லாம் பொன்னிறம், பிடரியும் வாலும் மட்டும் பழுப்பேறிய வெள்ளை. இப்போது எது உடம்பு, எது பிடரி என்று தடவித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை.

மாமியார் இந்தக் குட்டியை எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்று சொன்னால்தான் அவள் பயம் புரியும். அவர் நூலுக்குச் சாயம் போடும் ஆலையில் நிறம் பார்க்கிறவராக இருந்தவர். போன மாதம் போட்ட நீலமும் இந்த மாதம் போட்ட நீலமும் ஒன்றுதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. அவர் "ஒத்து வரலை" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் பருப்பு வேகாது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண் சும்மா இருக்குமா? குதிரைப் பொம்மைகளைப் பிடித்துக்கொண்டது.

குழந்தைகள் தரையில் உருட்டுகிற பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். நரம்பும் குளம்பும் மூக்குத் துவாரமும் அச்சு அசலாக வார்த்து, கையால் நிறம் கொடுத்து, கொஞ்சமே கொஞ்சம் செய்து விற்கிற குதிரைகள். இதற்கென்றே பைத்தியமாக அலைகிற கூட்டம் ஒன்று உண்டு. யார் வீட்டிலாவது கூடிக்கொண்டு, ஒருவர் குதிரையை இன்னொருவர் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பட்டறையிலேயே போட்ட நிறமா, பின்னால் யாரோ பூசியதா என்று சந்தேகம் வந்தால் அது மாமியார் கைக்கு வரும். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்தக் கூட்டத்துக்குக் கறுப்புக் குதிரையைப் பார்த்தால் மரியாதை, வெள்ளையைப் பார்த்தால் பிரியம். பொன்னிறக் குட்டியைப் பார்த்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். "கறுப்பை எவன் வேணாலும் பூசிடுவான்" என்பார் மாமியார். "பொன்னிறம் அப்படி இல்லை. ஒரு துளி கூடினா கடுகு மாதிரி ஆயிடும். ஒரு துளி குறைஞ்சா வைக்கோல். நடுவுல நிக்கிறதுக்குக் கை வேணும். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கண்ணு வேணும்." சில வருஷங்களுக்கு முன்பு, மூடப்போகிற ஒரு பழைய பொம்மைக் கடையில், கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாமல் பெட்டியில் அள்ளிப் போட்டிருந்த குட்டிகளுக்குள்ளிருந்து இதை அவரே பொறுக்கி எடுத்திருந்தார். வாழ்க்கையில் அவர் பெருமையடித்துக்கொண்டது இந்த ஒன்றுக்குத்தான்.

ஆனால் யாரிடமும் காட்டியதில்லை. மற்றக் குதிரைகள் எல்லாம் கூடத்துத் தட்டுகளில் நிற்க, இது மட்டும் உள்ளறை அலமாரியில், கறுப்புத் திரைக்குப் பின்னால். மருமகளுக்கு ஒரே ஒரு முறை திரையை விலக்கிக் காட்டினார். "பாரு. தொடாதே." ஏன் இருட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. திருட்டுப் பயமாக இருக்கும் என்று அவளே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டாள்.

அவள் அந்த வீட்டுக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். புருஷனுக்குக் கப்பலில் வேலை. வந்தான், கட்டினான், கப்பல் ஏறிவிட்டான். முதல் கல்யாணத்தில் பிறந்த மகள் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், படுக்கக் கூட நெருக்கடி. தினமும் சாயங்காலம் பாப்பா போனில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்பம்மா கூட்டிட்டுப் போவே?" அதை மருமகள் மாமியாரிடம் மெல்லக் கொண்டுபோவாள். மாமியார் குதிரைகளை ஒரு பார்வை பார்ப்பார். "குழந்தை வந்தா இதெல்லாம் என்ன ஆகும்? பார்க்கலாம்." அந்தப் 'பார்க்கலாம்' ஒரு நாளும் 'சரி' ஆகவில்லை.

மாமியார் ஆபரேஷனுக்குப் போனதும் மருமகளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இவள் சலவைக் கடையில் கறை எடுக்கிறவள். மை, துரு, எண்ணெய், பழச்சாறு, எதைக் கொண்டுவந்து போட்டாலும் சவால் விட்டு எடுப்பாள். கூடத்தில் இருந்த வெள்ளைக் குதிரைகள் வயதாகிப் பழுப்பேறிக் கிடந்தன. "பழுத்துப் போச்சுன்னா ஜன்னல்ல வெயில் காட்டுங்க, வெள்ளை திரும்பிடும்" என்று மாமியார் போனில் யாருக்கோ சொன்னதை அவள் காதால் கேட்டிருந்தாள். புதுக் கண்ணோடு வருகிறவர் பளிச்சென்ற குதிரைகளைப் பார்க்கட்டும், மனசு குளிர்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் பாப்பாவின் பேச்சை எடுக்கலாம். இவ்வளவுதான் அவள் திட்டம்.

வெள்ளைக் குதிரைகளை ஜன்னலில் வரிசையாக நிறுத்தினாள். வேலைக்குப் போய் வருவதற்குள் வெயில் தன் வேலையைப் பார்த்தது. பழுப்பு போன இடம் தெரியவில்லை. அவற்றைத் தட்டில் திருப்பி வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை அரித்தது. அலமாரித் திரையை விலக்கினாள். பொன்குட்டியின் பிடரியும் வாலும் இருட்டிலேயே இருந்து பழுத்திருந்தன. பிடரி வெள்ளையானால் அந்தப் பொன் இன்னும் எடுப்பாகத் தெரியுமே! செம்பழுப்புக் குதிரைகள் கூடத்தில் எத்தனையோ வருஷமாக வெயிலில் நிற்கின்றன, ஒரு நிறமும் இறங்கவில்லை. இது மட்டும் என்ன இறங்கிவிடும்? கடையில் துணியின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் எதிலும் கை வைக்க மாட்டாள். புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லுகிற முதல் பாடமே அது. வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை. குட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கென்று மேகமே இல்லை. மறுநாளும் இல்லை. அவளும் இருட்டோடு போய் இருட்டிய பிறகு வந்தவள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்று விடுமுறை. மத்தியானம் சாவகாசமாகப் பார்த்தால், ஜன்னலில் ஒரு வெள்ளைக் குட்டி நின்றது.

தூக்கிப் பார்த்தாள். வயிறும் கால்களின் உட்புறமும் மட்டும் அப்படியே பொன்னாக இருந்தன, வெயில் அங்கே எட்டவில்லை. அதைப் பார்த்ததும் இன்னும் பயந்தாள். ஒருவர் இதைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும். நிறம் வாங்கிப் பூசலாமா? பூச்சைக் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவரிடமா! உடைந்துவிட்டது என்று சொல்லிக் குப்பையில் போடலாமா? 'தொடாதே' என்றது உடைந்தது எப்படி என்று கேட்பாரே. வயிற்றையும் வெயிலில் காட்டி முழுசாக வெள்ளையாக்கிவிடலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கும் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் குட்டியைத் திரைக்குப் பின்னாலேயே வைத்து மூடினாள். சாயங்காலம் பாப்பா கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

காலையில் மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று ஒப்பித்துவிட்டுச் சின்னத்தை போய்விட்டார். கதவு சாத்தியதும் மாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அட, நம்ம சுவர் நீலமா? நான் இத்தனை நாளா சாம்பல்னு நினைச்சிட்டிருந்தேன்!"

"நீலந்தான் அத்தை."

"உன் சட்டையில இருக்கிற பூ ஊதா. சொல்லவே இல்லையே நீ. டாக்டர் சொன்னது சரிதான். பழைய கண்ணு எல்லாத்து மேலயும் மஞ்சளைத் தடவித்தான் காட்டுமாம். வெள்ளையைக் கூட மஞ்சளாத்தான் பாத்திருப்பீங்கன்னார்." தட்டில் இருந்த வெள்ளைக் குதிரைகளைப் பார்த்துச் சின்னப் பெண் மாதிரி கைதட்டினார். "பாரேன் இவங்களை! பழுத்துப் போச்சுன்னு நான் புலம்பினது எல்லாம் என் கண்ணுல இருந்த கோளாறா?"

வெயிலில் வைத்தேன் அத்தை என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். "தூசி தட்டி வெச்சேன் அத்தை" என்றாள். முதல் பொய் அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

மாமியார் நேரே உள்ளறைக்குப் போனார். மருமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். திரை வளையம் கம்பியில் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கத்தினால் கூடத் தேவலை என்று இருந்தது.

எட்டிப் பார்த்தாள். மாமியார் குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பழைய கண்ணைப் பொத்தினார். பார்த்தார். பிறகு புதுக் கண்ணைப் பொத்திக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தார். திரும்பவும் மாற்றினார்.

"இங்க வாம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. "இந்தக் கண்ணால பார்த்தா வெள்ளை. பழைய கண்ணால பார்த்தா மஞ்சளடிக்குது. அப்போ பொன்னிறம் குட்டியில இல்லை. என் கண்ணுல இருந்திருக்கு. வாங்கினப்பவே கண்ணு மங்க ஆரம்பிச்சிடுச்சு, நான்தான் யார்கிட்டயும் சொல்லலை." மருமகள் பக்கம் திரும்பினார். "நீ ஒரு தடவை பாத்திருக்கியே. உனக்கு நல்ல கண்ணு. இது எப்பவும் வெள்ளையாத்தான் இருந்துச்சா?"

தப்பிக்க வழி தேடி ராத்திரி முழுக்கப் புரண்டவளுக்கு, அந்த வழியை மாமியாரே கதவைத் திறந்து காட்டிவிட்டார். ஒரே வார்த்தை போதும்.

"ஆமா அத்தை. வெள்ளைதான்."

"ஏன் சொல்லலை?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார். ஆலையில் எத்தனை பேரை நடுங்க வைத்த மனுஷி, அரை நிமிஷத்தில் ஒரு சுற்று இளைத்துவிட்ட மாதிரி இருந்தது. "என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க. நான் என்னடான்னா ஊர் உலகத்துக்கு நிறம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்றார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, "உன் பொண்ணைக் கூட்டிட்டு வந்துடும்மா. குதிரை உடையும், அது இதுன்னு நான் இழுத்தடிச்சது போதும். இதுங்களைக் காப்பாத்தி நான் என்ன கண்டேன்? வீட்டுல இன்னொரு நல்ல கண்ணு இருக்கட்டும்" என்றார்.

எந்தச் சொல்லுக்காக அவள் இத்தனை மாதம் தவம் கிடந்தாளோ அது வந்துவிட்டது. பாப்பா வரப்போகிறாள். அவளுக்கு மகிழ்ச்சியே வரவில்லை. "சரி அத்தை" என்பது கூடக் காற்றாகத்தான் வந்தது.

"அந்தப் போனை எடு. தபால்காரர் நம்பரைப் போடு."

தபால்காரர் அந்தக் குதிரைக் கூட்டத்தில் ஒருவர். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் இதே வார்ப்பில் ஒரு பொன்குட்டியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து ஆசையாகக் காட்டினார். மாமியார் ஒரே பார்வையில், "இது பூச்சு. அசல் பொன்னிறம் எங்கிட்ட இருக்கு, எனக்குத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார். மனுஷன் குட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்து போனவர்தான். அதன் பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை.

"எதுக்கு அத்தை அவருக்கு?"

"மன்னிப்புக் கேக்கணும். என் குட்டி வெள்ளைன்னா, அவரோடதைப் பூச்சுன்னு சொல்ல நான் யாரு? அவரோடதுதான் அசலோ என்னவோ. பொய்யன் மாதிரி ஆக்கி அனுப்பிட்டேனே." மருமகள் எடுத்து நீட்டிய போனில் மாமியாரே எண்களை அழுத்தத் தொடங்கினார். "ஆலையிலயும் எத்தனை பேர் வேலையை ஒத்து வரலைன்னு தூக்கி எறிஞ்சேன். அதெல்லாம் சரியாத்தான் பார்த்தேனா? இனிமே யாரைக் கேக்கிறது?"

மணி அடித்தது. போனின் ஒலிபெருக்கி அறை முழுவதும் கேட்டது. மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பாப்பா வந்துவிடுவாள். ஆனால் இந்த மனுஷி இனிமேல் தினமும் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தான் பார்த்தது எது நிஜம் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பாப்பா அதைப் பார்த்துக்கொண்டே வளர்வாள். மணி திரும்பவும் அடித்தது. சொல்லிவிட்டால் 'சரி' திரும்பவும் 'பார்க்கலாம்' ஆகும், ஒருவேளை அதுவும் இல்லாமல் போகும்.

"அத்தை, குட்டியைக் கவுத்துப் பாருங்க!"

"என்ன?"

"நான்தான் வெயில்ல வெச்சேன். பிடரி வெளுக்கட்டும்னு வெச்சேன். பூராவும் போயிடுச்சு. அது பொன்னிறந்தான் அத்தை. உங்க கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

மாமியார் குட்டியைக் கவிழ்த்தார். பழைய கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் அதன் வயிற்றைப் பார்த்தார். அங்கே கட்டை விரல் அகலத்துக்குப் பொன் மிச்சம் இருந்தது. கடுகும் இல்லை, வைக்கோலும் இல்லை.

"ஹலோ, யாரு?" என்றது போன்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தபால்காரரே, நான்தான். கண் ஆபரேஷன் ஆச்சு. நல்லாத் தெரியுது. உங்க குட்டி பூச்சுதான், சந்தேகமே இல்லை. ஆனா அதை நான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. அது என் தப்பு. அடுத்த கூட்டத்துக்கு வாங்க." பதிலுக்குக் காத்திராமல் போனை அணைத்தார்.

அறையில் இருவரும் மட்டும் மிஞ்சினார்கள். மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். துணிமணியை எந்தப் பையில் வைப்பது என்பது வரைக்கும் அவள் மனசு ஓடிவிட்டது.

"இந்தச் சாயம் வெயிலுக்கு நிக்காது" என்றார் மாமியார். "கடை ஜன்னல்ல வெச்சதெல்லாம் வெளுத்துப் போய்த்தான் இதைச் செய்யறதையே விட்டாங்க. அதனாலதான் இருட்டுல வெச்சேன். கடையில ஓரத்துல ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பியே, அதைச் செய்யலையா?"

"இல்லை அத்தை."

"போகட்டும். வெள்ளைன்னு ஏன் சொன்னே?"

"பயம்."

"குட்டி போச்சேன்னா?"

"உங்களைப் பார்த்துத்தான் பயம்."

மாமியாரின் கண்ணில் நீர் முட்டியது. டாக்டர் திட்டுவாரே என்ற நினைப்பில் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டார். அப்படியே கேட்டார்: "நாளைக்கு உன் பொண்ணு இங்க வந்து, இதுல ஒண்ணை உடைச்சிட்டான்னு வெச்சுக்கோ. ஓடி வந்து என்கிட்ட சொல்லுவாளா?"

இதற்கு நல்ல பதில் ஒன்று சொல்லலாம். மருமகளுக்கு அது தெரியும். இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை. "மாட்டா அத்தை. ஒளிச்சு வைப்பா. நானே ஒளிச்சு வைக்கச் சொல்லியிருப்பேன்."

மாமியார் தலையை மெல்ல ஆட்டினார். எழுந்து கூடத்துக்கு வந்தார். குதிரைத் தட்டுகளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். குட்டியை மருமகளிடம் நீட்டினார்.

"என்னால குனிய முடியாது. இதைக் கீழ்த் தட்டுல வை."

மருமகள் நடுத் தட்டில் வைக்கப் போனாள்.

"அங்க இல்லை. இன்னும் கீழ. சின்னக் கை எட்டணும்."

மருமகள் முழங்காலிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே இருந்த தட்டில் குட்டியை நிறுத்தப் பார்த்தாள். ஒற்றைக் காலைத் தூக்கிய குட்டி இரண்டு முறை சாய்ந்தது.

"சாயட்டும்" என்றார் மாமியார். "உன் அண்ணனுக்குப் போன் போடு."